அந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள்

கேள்வி: பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 33 வயது. வெல்டிங் பட்டறையில் வேலை. எட்டு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தான். மாத்திரையால் உடம்பு ஊதிவிட்டது, எந்நேரமும் தூங்குகிறான், இப்படி இருந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்த கையோடு மருந்தை நிறுத்திவிட்டோம். மூன்று மாதம் நன்றாக இருந்தான். பிறகு தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். ஒரு நாள் காலை மாடி வீட்டுப் பெரியவரை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். நான்கு நாள் கழித்து அவர் இறந்துவிட்டார். தம்பி ஓடவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, "அக்கா, இனிமேல் பயப்படாமல் தண்ணீர் குடிக்கலாம்" என்றான். இப்போது பரப்பன அக்ரஹார சிறையில் இருக்கிறான். மாத்திரையின் பக்கவிளைவால்தான் செய்தான் என்று சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பைத்தியம் என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்களா? மருந்தை நிறுத்திய நான்தான் குற்றவாளியா? என் மகளுக்கும் இந்த நோய் வருமா? மீதி மாத்திரை அட்டைகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எடுத்துச் சாக்கடையில் போட்டுவிடலாம் போல் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இரண்டு வீட்டாரையும் யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி உங்கள் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். நீங்கள் கேட்ட வரிசையில் நான் போகவில்லை. எது அவசரமோ அதை முதலில் சொல்கிறேன்.

அந்த அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். எத்தனை மாத்திரை பிரிக்கப்பட்டிருக்கிறது, எத்தனை அப்படியே இருக்கிறது என்பது ஒரு கணக்கு. பின்பக்கத்தில் தயாரிப்பு எண்ணும் மாதமும் அச்சிட்டிருக்கும். மருந்துக்கடை ரசீது, ஓ.பி. சீட்டு, ஊசி போட்ட தேதி குறித்த அட்டை எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். தம்பி கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார், எந்த மாதத்தோடு மருந்து நின்றது என்பதை நீதிமன்றத்தில் உங்கள் வாய்ச்சொல்லைவிட இந்தக் காகிதங்கள் அழுத்தமாகச் சொல்லும். எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கவரில் போட்டு, வழக்கறிஞரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வருடச் சிகிச்சைக் குறிப்புகள் ஆஸ்பத்திரியில் இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தம்பி சார்பில் வழக்கறிஞர் மூலம் விண்ணப்பம் போடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பது சலுகை அல்ல, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை.

அடுத்து, மாத்திரையின் மேல் பழியைப் போடச் சொன்ன அந்த யோசனை. அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். தம்பி மாத்திரை சாப்பிடாத மாதங்களில் நடந்ததற்கு மாத்திரையைக் காரணம் காட்டினால் முதல் குறுக்கு விசாரணையிலேயே பொய் அம்பலமாகிவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மருந்துகளில் குறையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஒரு சிலருக்கு உட்காரவும் விடாத, நிற்கவும் விடாத ஒரு தவிப்பைத் தரும். கால்கள் ஓயாமல் ஆடும், உள்ளுக்குள் நெருப்பு எரிவதுபோல் இருக்கும் என்பார்கள். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாகக் கூடியது அது. ஆனால் நோயாளி சொல்ல வேண்டும், மருத்துவர் காது கொடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்பதால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறார்களுக்கும், 2007-ல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வைத்தது. தூக்க மாத்திரையும் சாராயமும் ஒன்றாகச் சேர்ந்தால் சிலர் கட்டுப்பாட்டை இழந்துவிடுவார்கள். இவையெல்லாம் உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, அதே மனிதர் மருந்து சாப்பிட்ட காலத்தையும் சாப்பிடாத காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு மருந்து சாப்பிட்ட காலத்தில் வன்முறைக் குற்றங்கள் 45 சதவீதம் குறைவு. லான்செட் மருத்துவ இதழில் 2014-ல் வந்த ஆய்வு அது. உங்கள் தம்பியின் எட்டு வருடமும் அதைத்தானே சொல்கிறது?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருவர் மேலும் கை ஓங்காதவர்கள். அடிபட்டவர்கள்தான் அவர்களில் அதிகம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் குடிசை தீப்பற்றியபோது ஓட முடியாமல் சங்கிலியோடு கருகிய 28 பேரும் மனநோயாளிகள். ஒரு கொலைச் செய்தியைப் படித்துவிட்டுத் தெருவில் மருந்து சாப்பிடும் பிள்ளையை யாரும் பயந்து பார்க்கவேண்டாம்.

இனி சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு உங்கள் தம்பிக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. 2024 ஜூலை 1-க்கு முன்பு வரை அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாக இருந்தது. அது சொல்வது இவ்வளவுதான்: செயலைச் செய்த அந்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு விரோதமானது என்றோ அறியும் திறன் இல்லாதவர் செய்தது குற்றம் ஆகாது.

"அந்த நேரத்தில்" என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு வருடமாக நோய் இருந்தது என்று நிரூபித்தால் போதாது. அன்றைக்குக் காலை, கம்பியைக் கையில் எடுத்த நிமிடத்தில் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதே கேள்வி. மருத்துவத்தில் நோய் என்பது வேறு, சட்டத்தின் அளவுகோல் வேறு என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும் என்று 1964-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

எனக்கு முப்பது சொச்சம் வயதிருக்கும்போது இப்படி ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். நோயாளியை இருபது நாள் வார்டில் வைத்துப் பார்த்து, கவனமாக அறிக்கை எழுதியிருந்தேன். அரசு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சம்பவத்துக்கு எத்தனை நாள் கழித்து இவரை முதலில் பார்த்தீர்கள்?" நாற்பத்தொரு நாள் என்றேன். "அப்படியானால் அன்றைக்கு இவர் மனம் எப்படி இருந்தது என்று பார்த்தவர் நீங்கள் இல்லை." இல்லை என்று ஒப்புக்கொண்டு இறங்கினேன். எனக்குப் பின் கூண்டில் ஏறியவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர். அந்த மனிதர் சம்பவத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் தினமும் கடைக்கு வந்து உப்புப் பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, வேறு பாக்கெட் கேட்டதைச் சொன்னார். ஏழு நாளும் எந்தெந்த நேரம் வந்தார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். என் இருபது நாள் அறிக்கை செய்யாததை அந்த உப்புப் பாக்கெட் செய்தது.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். மகாராஷ்டிரத்தில் ஒரு காவலர் தன் மனைவியைக் குழவிக்கல்லால் அடித்துக் கொன்றார். முன்பிருந்தே சிகிச்சையில் இருந்ததற்கு ஆவணம் இருந்தது, குடும்பத்தில் நோய் இருந்தது, கொலைக்குச் சொல்லப்பட்ட காரணம் வலுவற்றதாக இருந்தது, பட்டப்பகலில் நடந்தும் அவர் ஒளியவோ ஓடவோ இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டு 2002-ல் நீதிமன்றம் விலக்கு அளித்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்த வழக்கில், துப்பாக்கியால் சுட்டவர் பக்கத்தில் இருந்தவரை மிரட்டிவிட்டு ஓடி, துப்பாக்கியைக் கிணற்றில் வீசியிருந்தார். மறைக்கத் தெரிந்தவருக்குத் தவறு என்று தெரிந்திருக்கிறது என்று சொல்லி 2011-ல் விலக்கை மறுத்துவிட்டது. உங்கள் தம்பி ஓடாமல் படியில் உட்கார்ந்திருந்தார். அது பேசும். கம்பியை எங்கிருந்து எடுத்தார், பெரியவர் இறங்கி வரும்வரை காத்திருந்தாரா என்று அரசுத் தரப்பு கேட்கும். அதுவும் பேசும். எந்தப் பக்கம் தீர்ப்பு வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கொடுப்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

ஆகையால் நீங்கள் வெறும் அக்கா மட்டும் அல்ல, முக்கியமான சாட்சி. "அக்கா, இனிமேல் பயப்படாமல் தண்ணீர் குடிக்கலாம்" என்று அவர் சொன்னதை, சொன்னது சொன்னபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். இதில் பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அவர் பயந்தது தமிழில், உங்களிடம் சொன்னதும் தமிழில். காவல் நிலையத்தில் எழுதப்பட்டது கன்னடத்தில். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அந்த ஒரு வாக்கியம் அதில் இருக்கிறதா, "ஏதோ உளறினார்" என்று சுருங்கிவிட்டதா என்று கன்னடம் நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்து வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் தமிழிலேயே சாட்சி சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த வாரங்களில் தொட்டியைத் திறந்து திறந்து பார்த்தாரா, பட்டறையிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டு வந்தாரா, சாப்பிடாமல் இருந்தாரா, பட்டறை முதலாளி எதையாவது கவனித்தாரா என்றெல்லாம் தேதிகளோடு குறித்து வையுங்கள். நடந்ததை மட்டும். நடக்காத ஒன்றைக்கூட நீங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சொல்லிக்கொடுத்த சாட்சி பேசும்போதே தெரிந்துவிடும்.

மதுவோ கஞ்சாவோ இருந்ததா என்று எழுதவில்லை. இருந்தால் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். தானாக ஏற்றிக்கொண்ட போதையைச் சட்டம் விலக்காக ஏற்பதில்லை. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறீர்கள். தாளைத் திருப்பிப் பிடித்தால் எழுத்து தெரிகிறது. அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். வழக்கறிஞரிடம் மட்டும் அடிக்காமல் சொல்லுங்கள். அரசுத் தரப்புக்கு அது எப்படியும் போய்ச் சேரும், அப்போது அவர் முதல்முறையாகக் கேட்பவராக இருக்கக் கூடாது.

விட்டுவிடுவார்களா என்று கேட்டீர்கள். இரண்டு கட்டம் இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இப்போது, விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா என்று நீதிமன்றம் பார்க்கும். இல்லை என்றால் பரிசோதனைக்கு அனுப்பி, விசாரணையைத் தள்ளிவைக்கும். இங்கே பெரும்பாலும் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். தேறியதும் வழக்கு மறுபடியும் நடக்கும். சம்பவ நேரத்து மனநிலை பற்றிய கேள்வி அதன் பின்னர்தான் வரும். அதில் நீங்கள் வென்றாலும், செயலை அவர் செய்தார் என்று தீர்ப்பில் எழுதியே ஆகவேண்டும். அதற்குப் பிறகும் நேரே வீட்டுக்கு வர முடியாது. பாதுகாப்பான காவலில் வைக்கச் சொல்லலாம், அல்லது உறவினர் பொறுப்பேற்று, சரியாகக் கவனிப்பதாகவும் அவரால் யாருக்கும் தீங்கு வராது என்றும் பிணை கொடுத்தால் ஒப்படைக்கலாம். மருந்தை மறுபடியும் நிறுத்தமாட்டோம் என்று அன்றைக்கு நீதிபதி முன் சொல்லப் போவது உங்கள் குடும்பம்தான். சொல்ல முடியுமா என்று இப்போதிருந்தே வீட்டில் பேசுங்கள்.

தோற்றால்? இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 22-ஆம் பிரிவின் வேர் 1843-ல், இங்கிலாந்துப் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மக்நாட்டன் என்பவரின் வழக்கில் இருக்கிறது. அதே இங்கிலாந்து 1957-ல் ஒரு நடுவழியைச் சட்டமாக்கியது. முழு விலக்குக்குத் தகுதி இல்லாவிட்டாலும், நோயால் பொறுப்பு குறைந்திருந்தால் கொலைக் குற்றம் அதைவிடச் சிறிய குற்றமாகும். நம் நாட்டில் அது இல்லை. கொலை என்று முடிவானால் குறைந்தது ஆயுள் தண்டனை. நோய் முற்றிய ஒருவரையும் கூலிக்குக் கொன்றவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று வாதாட இடம் உண்டு, அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மரண தண்டனை பற்றிய பயம் இருந்தால், தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயும் அதைக் குறைக்கும் காரணம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த நடுவழி நமக்கு வேண்டும். இருபது வருடமாகச் சிறைகளில் என் நோயாளிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் குற்றவாளியா? மருந்தை நிறுத்தியது தவறு. உங்களைத் தேற்றுவதற்காக அதை இல்லை என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நம்பமாட்டீர்கள். கோயிலுக்குப் போனதில் தவறில்லை, மாத்திரை டப்பாவும் கூடவே போயிருக்க வேண்டும். ஆனால் எட்டு வருடம் மாத்திரை வாங்கிக் கொடுத்த கையும் உங்கள் கைதான். அவர் உடம்பு ஊதியதும், பகலெல்லாம் தூங்கியதும் உங்கள் கற்பனை அல்ல. உடம்பை அவ்வளவாக ஊத வைக்காத மாத்திரைக்கு மாற்றலாம், மாதம் ஒருமுறை ஊசியாகப் போடலாம், இரவு வேளைக்கு மட்டும் கொடுக்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? மூன்று நிமிடத்தில் பழைய மருந்தையே திரும்ப எழுதிக் கொடுத்து அனுப்பும் ஓ.பி.க்கும் இதில் பங்கு உண்டு. என்னைப் போன்றவர்கள் அந்தப் பங்கை ஏற்க வேண்டும். தூக்கம் வராத இரவுகளில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் உதவி எண் அது, தமிழில் பேசலாம். மகளைப் பற்றிய பயம் பெரிதாக வேண்டாம். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் இது. தாய்மாமனுக்கு இருந்தால் நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்கு வரலாம். அவ்வளவுதான்.

மாடி வீட்டு அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுத முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது அவர்கள் வீட்டுக்குப் போகாதீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனீர்கள் என்றாலும் சாட்சியைக் கலைக்கப் போனதாகிவிடும். கணவரை இழந்த அவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் மூலம் அரசு இழப்பீடு கேட்கும் வழி இருக்கிறது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் நீதிமன்றம் அதைப் பரிந்துரைக்கலாம். தெருவில் பொதுவான பெரியவர் யாராவது இருந்தால், அந்தத் தகவல் மட்டும் உங்கள் பெயர் சொல்லாமல் அவர் காதுக்குப் போகட்டும்.

கடைசியாக, தம்பிக்கு இப்போது மருந்து கிடைக்கிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். கைதிக்கும் மனநலச் சிகிச்சை பெறும் உரிமை அதே 2017 சட்டத்தில் உண்டு. பழைய மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்த்து, சிகிச்சைக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்திலும் மனுப் போடச் சொல்லுங்கள்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் வருவதுதான் எனக்கு மிகவும் கவலை. என் வார்டில் ஒருவர், சித்தப்பாவின் வேடத்தில் வந்த வேறு யாரையோ அடித்ததாக உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். மருந்து தொடங்கிய நான்காவது வாரம், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "டாக்டர், அது சித்தப்பாவேதானா?" என்று கேட்டார். அன்று இரவு முழுவதும் ஒரு செவிலியரை அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும்.

உங்கள் தம்பியும் ஒரு நாள், சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பெரியவர் எப்படி இருக்கிறார் அக்கா?" என்று கேட்பார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடாதீர்கள். "இறந்துவிட்டார் தம்பி. நீ நோயில் இருந்தாய். அடுத்த வாரமும் நான் வருவேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். சிறை மருத்துவரைக் கேட்டு நின்று, என் தம்பிக்கு இன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது, இரவில் தனியாக விடாதீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.